உயிரணுவும் புற்றும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சான்பாடா நிலையத்து நடைமேடையில் நிற்கும் ஒருவர், மும்பை நோக்கிச் செல்லும் வண்டியில் ஏறிக் குர்லாவில் மாறினால் பரேலை அடைவார். எதிர்ப்புறம் பன்வேல் நோக்கிச் செல்லும் வண்டியில் ஏறினால் ஐந்தாவது நிலையமாகிய கார்கரை அடைவார். பரேலில் இருப்பது டாட்டா நினைவு மருத்துவமனை. கார்கரில் இருப்பது அம்மருத்துவமனையைச் சார்ந்த ஆக்ட்ரெக் என்னும் ஆராய்ச்சி நிலையம். புற்றுநோயை எதிர்த்துப் பாரத நாடு நடத்தும் போரின் இரு பாசறைகள் இவை. இரண்டுக்கும் நடுவே நமது சங்கம் அமைந்திருக்கின்றது.

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் எனச் செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தபோது, சென்ற ஆண்டுகளைப் போல் சேர சோழ பாண்டியரைப் பற்றி யாம் எழுதுவோம் என அவர் எண்ணியிருக்கக் கூடும். யாம் மருத்துவர் அல்லோம். பள்ளி இறுதி வகுப்புத் தேறிய ஓர் இரயில்வே எழுத்தர். ஆயினும் இருபத்திரண்டு ஆண்டுகளாக முன்பதிவுச் சாளரத்தின் பின்னால் அமர்ந்திருப்பவர் என்ற முறையில், புற்றுநோயாளர்க்கு உரிய கட்டணச் சலுகைச் சான்றிதழை நீட்டும் கைகளை யாம் கண்ட அளவுக்கு வேறு பலர் கண்டிருக்க மாட்டார்கள். திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் சேலத்துக்கும் சீட்டுக் கேட்டு அக்கைகள் நீளுகின்றன. அந்நோய் யாது, எங்ஙனம் தோன்றுகிறது, அதனை மனிதன் அறிந்துகொண்ட வரலாறு யாது என்பவற்றை நூல்களிலிருந்து பல நாள் தேடிப் படித்தோம். படித்தபோது, அவ்வரலாற்றில் நம் பம்பாய்க்கும் சென்னைக்கும் குன்னூருக்கும் இடம் உண்டு என்பதை அறிந்து வியந்தோம். அதனையே ஈண்டு எழுதுகின்றோம். அறிஞர்கள் குற்றம் காணின் பொறுத்தருள்க.

நண்டும் புற்றும்

பண்டைக் கிரேக்க மருத்துவர் இந்நோய்க்கு நண்டு என்று பெயரிட்டனர். கட்டியிலிருந்து புடைத்துப் பரவும் நரம்புகள் நண்டின் கால்களைப் போல் தோன்றியமையே காரணம் என்பர். ஆங்கிலேயர் வழங்கும் பெயரும் நண்டு என்னும் பொருளதே. நம் மராட்டிய அண்டை வீட்டார் வழங்கும் கர்க்கரோகம் என்ற பெயரும் அத்தகையதே. தமிழரோ புற்று என்றனர். கறையான் புற்றைக் கண்டவர்க்கு இப்பெயரின் பொருத்தம் எளிதில் விளங்கும். நேற்று ஒரு பிடி மண்ணாக இருந்தது, மழைக்குப் பின் முழங்கால் உயரம் எழும். மேலே இடித்தாலும் அடியில் வழிகள் ஓடிக்கொண்டிருக்கும். வேறோரிடத்தில் புதிதாகத் தலை காட்டும். இந்நோயின் இயல்பும் இதுவே. ஆனால் உள்ளே இருந்து கட்டுவது யார் என்ற வினாவிற்கு இரண்டாயிரம் ஆண்டுகள் விடை கிட்டவில்லை. உடலில் கரும்பித்தம் மிகுவதே காரணம் எனப் பழைய கிரேக்க, உரோம மருத்துவர் நம்பினர்.

உயிரணுவைக் கண்டவர்கள்

விடையின் முதற்படி 1665 இல் அமைந்தது. இங்கிலாந்தில் இராபர்ட் ஹூக் என்பார் நெட்டித் தக்கையின் மெல்லிய சீவலை உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கினார். தேன்கூட்டின் அறைகள் போன்ற சிற்றறைகளைக் கண்டு அவற்றிற்குச் 'செல்' என்று பெயரிட்டார். அவர் கண்டவை உயிர் நீங்கிய வெற்றறைகளே. 1838 இல் ஷ்லைடன் என்னும் செருமானியர் தாவரங்கள் யாவும் உயிரணுக்களால் ஆனவை என்றார்; மறு ஆண்டு ஷ்வான் என்பார் விலங்குகளும் அங்ஙனமே எனக் காட்டினார்.

அவ்வாறாயின் புதிய உயிரணு எங்கிருந்து வருகின்றது? உப்பு நீரில் படிகம் உறைவது போல் உடலின் நீர்மத்தில் உறைந்து தோன்றுகின்றது என அக்காலத்தார் பலர் எண்ணினர். ரெமாக் என்பார் அதனை மறுத்தார். 1855 இல் ருடால்ஃப் விர்ஹோ, உயிரணு ஒவ்வொன்றும் வேறோர் உயிரணுவிலிருந்தே பிறக்கின்றது என உறுதிபடக் கூறினார். இவ்வொரு வாக்கியத்தால் புற்றுநோயின் பழைய விளக்கம் சரிந்தது. கட்டி என்பது வெளியிலிருந்து வந்த பேயும் அன்று. உறைந்த பித்தமும் அன்று. நமது உடலின் உயிரணுவே தன் வரம்பு மறந்து பெருகியது என்பது விளங்கிற்று.

எங்ஙனம் பெருகுகின்றது என்பதைக் கண்ணால் கண்டவர் வால்தர் ஃபிளெமிங். சலமாந்தர் என்னும் நீர்ப்பல்லியின் உயிரணுக்கள் அளவில் பெரியவை. சாய ஆலைகளுக்காக அக்காலத்தில் புதிதாகக் காய்ச்சப்பட்ட சாயங்களை அவற்றின் மீது ஏற்றி அவர் நோக்கியபோது, கருவினுள்ளே சாயம் பிடித்த நூலிழைகள் தென்பட்டன. அவை திரண்டு நடுவில் வரிசையாக நின்று, நீளவாக்கில் பிளந்து, பாதி இப்புறமும் பாதி அப்புறமும் செல்வதை அவர் 1882 இல் வெளியிட்ட நூலில் வரைந்து காட்டினார். இவ்விழைகளுக்கு 1888 இல் 'குரோமோசோம்' என்ற பெயர் வாய்த்தது. மனித உயிரணுவில் அவை 46 என்பது 1956 இல்தான் உறுதியாயிற்று.

பிரியும் விதம்

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் உள்ள உயிரணுக்கள் 30 லட்சம் கோடிக்கும் மேற்பட்டவை. இவை அத்தனையும் தாயின் வயிற்றில் இருந்த ஒரே உயிரணுவின் வழித்தோன்றல்கள். வளர்ந்த பின்னும் பிரிவு நிற்பதில்லை. குடலின் உட்புறத் தோல் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றது. எலும்பின் மச்சையில் நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்கள் உருவாகின்றன. நாம் ஒரு மிடறு தேநீர் அருந்தி முடிப்பதற்குள் உள்ளே நிகழும் பணி இவ்வளவு.

பிரிவு என்பது நினைத்தவுடன் இரண்டாகக் கிழிவது அன்று. எமது அலுவலகப் பழக்கத்தால் விளக்குவோம். ஓர் அலுவலகத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டுமாயின் முதலில் மேசை, நாற்காலி முதலியன போதுமான அளவு சேர்த்தல் வேண்டும். அடுத்து, மூலப் பதிவேட்டிற்கு முழு நகல் எடுத்தல் வேண்டும். மூன்றாவதாக, நகலை மூலத்துடன் வரிவரியாக ஒப்பிட்டுப் பிழை திருத்தல் வேண்டும். அதன் பின்னரே பதிவேடு ஒன்று இங்கும் மற்றொன்று அங்குமாக அலுவலகம் பிரியும். உயிரணுவும் இந்நான்கு படிகளையே கடக்கின்றது. பதிவேடு என்பது டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை. ஓர் உயிரணுவில் உள்ள இழையை நீட்டினால் இரண்டு மீட்டர் வரும். அதில் உள்ள எழுத்துகள் ஏறத்தாழ 600 கோடி. அவ்விழையின் அமைப்பு 1953 இல் வெளியாயிற்று. விரைந்து பெருகும் மனித உயிரணு இந்நான்கு படிகளையும் கடக்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். ஃபிளெமிங் கண்ட இறுதிப் படிக்கு மட்டும் ஒரு மணி அளவு.

படிக்குப் படி செல்ல அனுமதி வேண்டும். நிலையத்திலிருந்து வண்டி புறப்பட வேண்டுமாயின் அடுத்த பகுதிக்கு 'லைன் கிளியர்' கிடைக்க வேண்டும், கைகாட்டி இறங்க வேண்டும், கார்டு பச்சைக் கொடி காட்ட வேண்டும். அதுபோலவே உயிரணுவிலும் கைகாட்டிகள் உள்ளன. நகல் எடுக்கத் தொடங்குமுன் ஒன்று; நகல் பிழையறத் தேறிய பின் ஒன்று; இழைகள் நடுவில் வரிசையாக நின்று இருபுறத்துக் கயிறுகளாலும் பிணைக்கப்பட்ட பின் ஒன்று. 46 இல் ஓர் இழை பிணைக்கப்படாது தொங்கினாலும் மற்றவை காத்து நிற்கும். இவ்வொழுங்கைக் கண்டறிந்தவர்கள் லேலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ், டிம் ஹன்ட் ஆகிய மூவர். ரொட்டிக் கடை ஈஸ்ட் போன்ற எளிய உயிர்களிலும் கடல் முள்ளெலியின் முட்டையிலும் அவர்கள் கண்ட விதியே மனிதனிடத்திலும் நிலவுகின்றது. அவர்களுக்கு 2001 ஆம் ஆண்டு நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

கைகாட்டி பழுதுற்றால்

நகல் எடுப்பதில் பிழை நேர்வது இயல்பு. பிழை கண்ட இடத்தில் கைகாட்டி நிமிர்ந்து நிற்கும், பழுது பார்க்கப்படும், பார்க்க இயலாவிடின் அவ்வுயிரணு தானே மடிந்துவிடும். இக்காவலைச் செய்யும் மரபணுக்களுள் தலையாயது பி53 என்பது. அதனைச் சார்ந்த புரதம் 1979 இல் அறியப்பட்டது. மனிதப் புற்றுகளில் ஏறத்தாழ பாதியில் இக்காவலன் பழுதுற்றுக் கிடக்கின்றான்.

ஆகவே கேடு இருவகையில் வரும். வண்டியை ஓட்டும் விசை தானே முடுக்கப்பட்டு நிற்பது ஒன்று. நிறுத்தும் விசை அறுபடுவது மற்றொன்று. முடுக்கும் மரபணுக்கள் எங்கிருந்தோ நுழைந்த கிருமியின் உடைமை அல்ல, நம் உயிரணுவில் வளர்ச்சிக்காக இயல்பாகவே அமைந்தவை, அவை பிறழும்போதே தீங்கு செய்கின்றன என்பதை 1976 இல் பிஷப், வார்மஸ் என்னும் அமெரிக்கர் இருவர் காட்டி, 1989 இல் நோபெல் பரிசு பெற்றனர். நிறுத்தும் மரபணுக்களைப் பற்றி நுட்பமாகச் சிந்தித்தவர் ஆல்ஃபிரட் நட்சன். குழந்தைகளின் கண்ணில் தோன்றும் ஒருவகைப் புற்றை ஆராய்ந்து, தாய் வழி ஒன்றும் தந்தை வழி ஒன்றுமாக நமக்கு வாய்த்த இரு தடைகளும் அறுந்தால்தான் அந்நோய் எழும் என 1971 இல் கணக்கிட்டார். பெரும்பாலான புற்றுகள் முதுமையில் வருவதன் காரணம் இதனால் விளங்கும். ஒரே பிழையால் ஒருவர் நோயாளர் ஆவதில்லை. பல ஆண்டுகளில் பல பிழைகள் ஓர் உயிரணுவின் மரபில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்தல் வேண்டும்.

சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் இரட்டித்து நெல் கேட்ட கதையை நம் சிறுவரும் அறிவர். புற்றின் கணக்கும் அதுவே. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, முப்பது முறை இரட்டித்தால் நூறு கோடியைக் கடக்கும். அப்போதும் கட்டியின் அளவு ஒரு சுண்டைக்காய்தான். எடை ஒரு கிராம் அளவு. அதற்குப் பின் பத்தே முறை இரட்டித்தால் அது ஒரு கிலோவாகும். முதல் முப்பது படிகள் கண்ணுக்குப் புலனாகா. கடைசிப் பத்துப் படிகளில் உயிர் போகும். சுண்டைக்காய் அளவில் கண்டவருக்கும் எலுமிச்சை அளவில் கண்டவருக்கும் உள்ள வேற்றுமை பெரிது. தொடக்கத்தில் காண்க என மருத்துவர் இடைவிடாது வற்புறுத்துவது இதனாலேயே.

பரேலில் ஒரு பெண் மருத்துவர்

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். 1928 இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய் வந்து, பரேலில் உள்ள ஹாஃப்கின் நிலையத்தில் ஆராய்ச்சி தொடங்கினார். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் ஒருவகைக் கொடிய இரத்தச் சோகையால் மடிந்துகொண்டிருந்தனர். கிருமி ஏதும் அகப்படவில்லை. அப்பெண்களின் குடியிருப்புகளையும் அடுப்பங்கரைகளையும் அவர் நோக்கினார். உண்ணும் உணவைக் கணக்கெடுத்தார். பின்னர் நீலகிரியில் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திலும், சென்னையில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்கும் கோஷா மருத்துவமனையிலும் பணியாற்றினார். ஈஸ்ட்டிலிருந்து வடித்த மலிவான சாறு ஒன்றைக் கொடுத்தால் அப்பெண்கள் தேறி எழுகின்றனர் என்பதை 1931 இல் உலகிற்கு அறிவித்தார். அச்சாற்றில் இருந்த பொருள் யாதென அப்போது ஒருவரும் அறியார். பின்னாளில் அதற்கு ஃபோலிக் அமிலம் என்ற பெயர் அமைந்தது. கீரை இலைகளில் மிகுதியாக உள்ளது அது.

அப்பெண்களின் எலும்பு மச்சையில் உயிரணுக்கள் பெருத்து வீங்கியிருந்தன, ஆனால் பிரியவில்லை. பதிவேட்டிற்கு நகல் எடுக்க வேண்டிய மூலப்பொருளை ஆக்குவதற்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. அஃது இல்லையேல் உயிரணு வளரும், பிரிய மாட்டாது.

அதே ஆண்டுகளில் பம்பாய் நகரின் பெருங்குடும்பம் ஒன்றிலும் துயரம் சூழ்ந்தது. தோராப்ஜி டாட்டாவின் மனைவியார் மெஹர்பாய் 1931 இல் இரத்தப் புற்றால் மறைந்தார். எலும்பு மச்சையில் வெள்ளணுக்கள் நிறுத்தமின்றிப் பெருகுவது அந்நோய். அதற்கு அன்று உலகில் மருந்தே இல்லை. அவர் நினைவாக இரத்தப் புற்று ஆராய்ச்சிக்கென அறநிலையம் ஒன்றை நிறுவிய தோராப்ஜி, மறு ஆண்டில் தாமும் மறைந்தார். அக்குடும்பத்தார் பொருளுதவியால் எழுந்த டாட்டா நினைவு மருத்துவமனை, 1941 பிப்ரவரி 28 அன்று பரேலில் திறக்கப்பட்டது. ஹாஃப்கின் நிலையத்திலிருந்து அது சில நிமிட நடைதான்.

பிரிய இயலாத உயிரணுவால் ஆலைத் தொழிலாளியின் மனைவி மடிந்தாள். பிரிவதை நிறுத்த இயலாத உயிரணுவால் செல்வச் சீமாட்டி மடிந்தார். இரு நோய்களும் ஒரே பூட்டின் இரு கோளாறுகள் என்பதை அன்று பரேலில் எவரும் அறிந்திலர்.

மூன்றாம் முறை தேறிய மாணவர்

அதனை இணைத்துக் காட்டும் பேறு சென்னையில் படித்த ஒருவருக்கு வாய்த்தது. எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895 இல் பீமாவரத்தில் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். எம்மைப் போன்றவர்க்கு இச்செய்தி அளிக்கும் ஆறுதல் சொல்லில் அடங்காது! பின் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்தமையால் ஆங்கிலப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்கு மாறாக அதனினும் தாழ்ந்த பட்டமே பெற்றார். சகோதரரை ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அமெரிக்கா சென்று, தசைகளுக்கு ஆற்றல் தரும் பொருள்களை ஆராய்ந்து புகழ் பெற்ற பின்னும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நிலையான பதவி கிடைக்கவில்லை. 1940 இல் லெடர்லி என்னும் மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார்.

அங்கு அவர் தலைமையில் இயங்கிய குழுவினர் 1945 இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். குன்னூரிலும் பரேலிலும் தேடிய பொருள் குப்பியில் வந்தமர்ந்தது. பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்பார் அவ்வகைப் பொருளை இரத்தப் புற்றுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை; மேலும் விரைந்தது. பிறர் சோர்ந்திருப்பர். ஃபார்பரோ எதிர்வழியில் சிந்தித்தார். இப்பொருள் எரியும் தீக்கு நெய் ஆகுமாயின், இதனைத் தடுப்பது தீயைத் தணிக்கும் அன்றோ? ஃபோலிக் அமிலத்தைப் போன்றே உருக்கொண்டு, அதன் இடத்தில் புகுந்து, ஆனால் அதன் வேலையைச் செய்யாத போலிப் பொருள்களை சுப்பாராவின் குழுவினர் ஆக்கித் தந்தனர். பூட்டினுள் நுழைந்து முறியும் பொய்ச்சாவி போன்றவை அவை. அவற்றுள் ஒன்றான அமினாப்டெரினை 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் தணிந்ததாக 1948 சூனில் ஃபார்பர் வெளியிட்டார். அத்தணிவு சில மாதங்களே நீடித்தது. ஆயினும் குழந்தைகளின் இரத்தப் புற்று மருந்துக்குப் பணிந்தமை உலக வரலாற்றில் அதுவே முதன்முறை.

அதே ஆண்டு ஆகஸ்டில், 53 ஆம் வயதில், சுப்பாராவ் உறக்கத்தில் உயிர் நீத்தார். நோபெல் பரிசு அவரை நாடவில்லை. அவர் வழிவந்த மெதோட்ரெக்சேட் என்னும் மருந்து இன்றும் பரேலிலும் அடையாற்றிலும் உலகெங்கும் பயன்படுகின்றது. 1956 இல், நஞ்சுக்கொடியின் உயிரணுக்களில் எழும் ஒருவகைப் புற்றை இம்மருந்தே முழுமையாகக் குணப்படுத்திற்று.

அடுத்த மருந்து நம் வீட்டு முற்றத்தில் பூப்பது. நித்தியகல்யாணிச் செடியைச் சுடுகாட்டு மல்லி என்று இகழ்ந்து ஒதுக்குவாரும் உளர். அச்செடியிலிருந்து வடித்த பொருள்கள், பிரியும் உயிரணுவில் இழைகளை இருபுறமும் ஈர்க்கும் கயிறுகள் உருவாகாமல் தடுப்பதை 1950களின் இறுதியில் கண்டறிந்தனர். கயிறு இல்லையேல் கைகாட்டி இறங்காது. உயிரணு நடுவழியில் நின்று மடியும். தென்மாவட்டங்களில் உழவர் இதனைப் பயிரிட்டு ஏற்றுமதி செய்கின்றனர். பல மருந்துகளை இணைத்துக் கொடுக்கும் முறையால் முன்னேறிய நாடுகளில் இரத்தப் புற்றுற்ற குழந்தைகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் இன்று பிழைக்கின்றனர். 1931 இல் அவ்வெண்ணிக்கை சுழியம்.

சென்னையிலோ, முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த துயரத்தை நெஞ்சில் தாங்கி, பல்லாண்டு முயன்று, 1954 சூன் 18 அன்று அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். அன்று இருந்தவை 12 படுக்கைகளே. மறு ஆண்டு அங்கு சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 இல் மறையும் வரை அந்நிலையத்தையே தம் இல்லமாகக் கொண்டிருந்தார்.

சுண்ணாம்பு சுட்டது என்றோம்

நகல் பிழைகளை நாமே வலிய வரவழைப்பதும் உண்டு. இலண்டனில் புகைபோக்கி துடைக்கும் சிறுவர்க்குப் பின்னாளில் வரும் ஒருவகைப் புற்றுக்குக் கரிப்புகையே காரணம் என 1775 இல் பெர்சிவல் பாட் கண்டார். 1915 இல் சப்பானிய அறிஞர் யமகிவா முயலின் காதில் மாதக்கணக்கில் தாரைத் தடவிப் புற்றை வருவித்துக் காட்டினார். நம் நாட்டிலோ கேடு வாய் வழி வந்தது. டாட்டா நினைவு மருத்துவமனையின் முதல் நோய்க்குறியியல் அறிஞரும், 1952 இல் பரேலில் தொடங்கிய இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் தந்தையுமான டாக்டர் வசந்த் கானோல்கர், புகையிலை மெல்லும் வழக்கத்துக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பை வற்புறுத்தினார். அந்நிலையமே இன்று கார்கரில் ஆக்ட்ரெக்காக வளர்ந்துள்ளது. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றை விளைவிக்கும் என உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு 2004 இல் அறிவித்தது. 2012 இல் மராட்டிய அரசு குட்காவைத் தடை செய்தது.

இவ்விடத்தில் எம் குடும்பச் செய்தி ஒன்றைச் சொல்லாது செல்ல மனம் ஒப்பவில்லை. எம் பெரியப்பாவின் மூத்த மகன், எமக்கு அண்ணன், தாராவியில் தோல் தொழில் செய்தவர். இரவு வேலையில் உறக்கம் வராதிருக்கப் புகையிலையையும் சுண்ணாம்பையும் உள்ளங்கையில் தேய்த்துக் கன்னத்தில் அடக்குவார். ஒரு பொங்கலன்று எம் இல்லத்துக்கு வந்தவர், கன்னத்தின் உட்புறத்தை விரலால் விலக்கி, "தம்பி, இது என்னடா, வெள்ளையாக இருக்கிறது? எரியவும் இல்லை" என்றார். யாம் எட்டிப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்பு சுட்டிருக்கும் அண்ணே, இரண்டு நாள் நல்லெண்ணெய் கொப்பளியுங்கள்" என்றோம். எரியவில்லை என்று அவர் சொன்னதே எச்சரிக்கை என்பதை அன்று அறிந்திலோம். அடுத்த ஆவணியில் அவரால் வாயைத் திறந்து சோறு உண்ண இயலவில்லை. அதன் பின்னரே பரேல் சென்றோம். மருத்துவர் தம்மால் இயன்றதெல்லாம் செய்தனர். காலம் கடந்திருந்தது. ஊர் செல்ல விரும்பினார். அவருக்குரிய சலுகைச் சீட்டை எம் கையாலேயே பதிந்து கொடுத்தோம். "திரும்புவதற்கும் போடவா?" என்று வழக்கம்போல் கேட்டுவிட்டு நாவைக் கடித்துக்கொண்டோம். அவர் வெறுமனே சிரித்தார்.

அந்த வெண்திட்டு அனைத்தும் புற்றாவதில்லை. ஆயினும் சில ஆகும். ஆகுமுன் அது மாதக்கணக்கில், சிலபோது ஆண்டுக்கணக்கில் கன்னத்தில் காத்திருக்கும். விளக்கொளியில் வாயைத் திறந்து பார்த்தல் ஒன்றே அதனைக் காணப் போதுமானது. திருவனந்தபுரத்தில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடுதோறும் சென்று இங்ஙனம் பார்த்ததால், புகையிலையும் மதுவும் பழகியோரிடையே வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென 2005 இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று.

பத்தாம் வகுப்பும் ஒரு கிண்ணம் புளிக்காடியும்

பெண்களின் கருப்பை வாய்ப் புற்றுக்குப் பாப்பிலோமா என்னும் வைரசு காரணம் எனக் கண்ட ஹரால்டு சூர் ஹவுசன் 2008 இல் நோபெல் பரிசு பெற்றார். இவ்வைரசு, யாம் முன் சொன்ன காவலன் பி53ஐயே அழிக்கின்றது. இதற்குத் தடுப்பூசி உண்டு. பூனாவில் ஆக்கப்பட்ட இந்தியத் தடுப்பூசியும் 2023 முதல் கிடைக்கின்றது. இந்நோய் முற்றப் பல ஆண்டுகள் ஆகுமாதலின், இடையில் கண்டுபிடித்தலும் எளிது.

1998 முதல் டாட்டா நினைவு மருத்துவமனையினர் மும்பைக் குடிசைப் பகுதிகளில் ஓர் ஆராய்ச்சி நடத்தினர். பெரிய கருவி ஏதும் இல்லை. வினிகர் என்னும் புளிக்காடியின் நீர்த்த கலவையைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்மை தோன்றுகின்றதா எனப் பார்ப்பதே சோதனை. பார்த்தவர்கள் மருத்துவரும் அல்லர், செவிலியரும் அல்லர். பத்தாம் வகுப்புப் படித்துச் சில வாரங்கள் பயிற்சி பெற்ற பெண்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை இங்ஙனம் 75,000 பெண்கள் அழைக்கப்பட்டனர். அவர்களிடையே கருப்பை வாய்ப் புற்றால் நேரும் சாவு நூற்றுக்கு 31 வீதம் குறைந்தது. பத்தாம் வகுப்புப் படித்தவரால் என்ன ஆகும் எனக் கேட்போருக்கு இதனினும் சிறந்த விடை உண்டோ?

முடிவுரை

அன்பர்களே! விர்ஹோவின் நாட்டிலிருந்து நித்தியகல்யாணிப் பூத்த முற்றம் வரை வந்தோம். புற்றுநோய் சாபமும் அன்று, முன்வினையும் அன்று, தொட்டால் ஒட்டுவதும் அன்று. உயிரணு பிரியும் ஒழுங்கில் நேர்ந்த பிழை அது. நோயாளரின் தட்டையும் தம்ளரையும் ஒதுக்கி வைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் சில இல்லங்களில் உண்டு. அறியாமையால் நேரும் அக்கொடுமை இன்றோடு ஒழிக.

நமது சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, ஆண்டு விழா நடைபெறும் நாளில் கூத்தும் பட்டிமன்றமும் நிகழும் மண்டபத்தின் ஒரு மூலையில், வாய்ப் பரிசோதனைக்கு ஒரு மருத்துவரையும் ஒரு நாற்காலியையும் அமர்த்துதல். இரண்டாவது, முப்பது வயது கடந்த நம் மகளிரை ஆண்டுக்கொரு நாள் குழுவாகப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுதல். தனியே செல்ல நாணுவோர் கூட்டத்தோடு செல்வர். மூன்றாவது, ஊரிலிருந்து சிகிச்சைக்காக வரும் தமிழர்க்கு வழித்துணை ஆதல். நோயாளர்க்குப் படுக்கை வசதி வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் முழுக் கட்டணச் சலுகையும், துணை வருபவர்க்கு முக்கால் பங்குச் சலுகையும் உண்டு என்பதை அறியாமலே கடன் வாங்கிப் பயணம் செய்வோரை யாம் இன்றும் காண்கின்றோம். மருத்துவமனையில் உரிய படிவத்தில் சான்றிதழ் பெற வேண்டும், அவ்வளவே. படிவம் நிரப்பத் தெரியாதவர்க்கு எழுதித் தர யாம் எந்த ஞாயிற்றுக்கிழமையும் சங்க மண்டபத்தில் காத்திருப்போம்.

இக்கட்டுரையைப் படித்து முடித்தவர், இன்றிரவு முகம் கழுவும்போது கண்ணாடி முன் வாயைத் திறந்து ஒரு முறை பார்ப்பாராக. அருகில் இருக்கும் அண்ணனையும் தம்பியையும் பார்க்கச் செய்வாராக. வெண்திட்டோ, செந்திட்டோ, இரண்டு வாரங்களில் ஆறாத புண்ணோ காணின், சுண்ணாம்பு சுட்டது என்று சொல்லாது மருத்துவரிடம் செல்வாராக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!